பெரியப்பாவுக்கு வந்தது களைப்பு இல்லை



போன எபிசோட்டில் டென்மார்க்கின் பதிவேடுகளைப் பற்றிக் கதைச்சோம். சிபிஆர் நம்பர் எப்படி ஒரு முழு நாட்டுக்கும் பிரைமரி கீ மாதிரி வேலை செய்யுது, அதை வைச்சு ஆராய்ச்சியாளர்கள் என்னவெல்லாம் செய்யினம் என்று. அதில் ஒடென்சே ஆய்வு ஒன்றை நான் இரண்டு நிமிசத்தில் தாண்டிப் போனேன். காரணம் இருக்கு. அந்த ஆய்வு சொல்லுற விசயம் எங்கட குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. மைக்குக்கு முன்னால் அதைச் சொல்ல வரேல்லை. எழுதுறது சுகம்.

பெரியப்பாவுக்கு 76 வயசு. இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று சில வருசமாக மாரெவான் எடுக்கிறார். ஒக்டோபரில் ஒரு நாள் காரின் பின்பக்கத்தில் இருந்து சாமான் எடுத்துக்கொண்டு நிமிரேக்கை, மேலே திறந்திருந்த கதவில் தலை அடிபட்டது. இரத்தம் இல்லை, மயக்கம் இல்லை. பெரியம்மா சித்தாலேப பூசிவிட்டா. அவர் மிச்சச் சாமானையும் உள்ளே கொண்டுவந்து வைச்சார். எல்லாரும் மறந்திட்டோம்.

ஐந்து கிழமை போயிருக்கும். ஒரு சனிக்கிழமை 304 விளையாடேக்கை துரும்பு என்ன என்று இரண்டு தரம் கேட்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இருந்தே எங்களை எல்லாம் தோற்கடிக்கிற மனிசன். நாங்கள் சிரிச்சோம். பிறகு பகலிலும் நித்திரை கூடினது. காலையில் தலையிடி. இடக்கால் செருப்பு நடக்கேக்கை கழண்டு கழண்டு போனது, அவர் புதுச் செருப்பு வாங்கச் சொன்னார். "வயசு போட்டுதெல்லோ" என்று பெரியம்மா சொன்னா. நாங்களும் அதையே சொன்னோம்.

குடும்ப டொக்டருக்கு போன் எடுத்தது நான். எங்கட வீட்டில் டேனிஷ் கதைக்கிற வேலை சின்னனில் இருந்தே எனக்குத்தான், உங்களில் கனபேருக்கும் அப்படித்தான் இருக்கும். பெரியப்பா என்னட்டைச் சொன்னது இது: "தலைக்குள்ள ஏதோ பாரமா இருக்கு தம்பி, கால் சொல்வழி கேக்குதில்லை." நான் போனில் டேனிஷில் சொன்னது: அவர் "லிட் ட்ரெட்", கொஞ்சம் "ஸ்விமல்". கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் தலைசுற்று. 76 வயசுக்காரரைப் பற்றி அந்த இரண்டு சொல்லை மட்டும் கேட்டால் யாரும் செய்யிறதைத்தான் டொக்டரும் செய்தார், அடுத்த கிழமை இரத்தப் பரிசோதனைக்கு நேரம் தந்தார். பிழை அவரில் இல்லை. தலைப்பாரம், கால், கார்க் கதவு, மாரெவான், இந்த நாலையும் நான்தான் வழியில் விழுத்திப்போட்டு வெறும் களைப்பை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பெரியப்பாவின் மகள், எங்கட தங்கச்சி, சோசு அசிஸ்டென்ட். அன்று இரவு வேலை முடிஞ்சு வந்து மூன்று கேள்வி கேட்டாள். "எந்தக் கால் செருப்பு? தலை எங்கேயாவது அடிபட்டதா? மாரெவான் இன்னும் எடுக்கிறாரா?" பிறகு பெரியப்பாவை இரண்டு கையையும் உள்ளங்கை மேலே பார்க்க முன்னுக்கு நீட்டி, கண்ணை மூடச் சொன்னாள். பத்து செக்கன் இருக்கும். இடக்கை தானாகத் திரும்பி மெல்ல மெல்லக் கீழே இறங்கினது. அவருக்கு அது தெரியவே இல்லை. அவள் 112 அடிச்சாள். அன்று இரவே ஸ்கேன், விடியிறதுக்குள்ளே ஒப்பரேசன்.

வந்த வருத்தத்தின் பேர் நாட்பட்ட சப்டியூரல் இரத்தக்கட்டு.

மூளைக்கு வெளியே மூன்று உறை இருக்கு. வெளியே தடித்த டியூரா, நடுவில் மெல்லிய அரக்னாய்ட், மூளையோடு ஒட்டின பயா. மூளையில் இருந்து டியூராவுக்குச் சின்னச் சின்ன நாளங்கள் பாலம் மாதிரிப் போகும். வயசு போகப் போக மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டையோடு சுருங்காது. அதனால் அந்த நாளங்கள் இழுபட்டுப்போய் இருக்கும். கனகாலம் நிறையக் குடிக்கிற ஆட்களுக்கும் இதே நிலைமைதான். அந்த நேரத்தில் ஒரு சின்ன அடி, சில வேளை அடியே இல்லாமல் ஒரு குலுக்கல், ஒரு நாளம் கிழிய அது போதும். கசிகிறது நாடி இல்லை, அழுத்தம் குறைஞ்ச நாளம். அதனால் கசிவு மெல்ல நடக்கும். சுருங்கின மூளையைச் சுற்றி இடமும் இருக்கு. அதனால்தான் முதல் சில கிழமை ஒன்றும் தெரியாது.

இதுக்குப் பிறகு நடக்கிறதுதான் எனக்கு வியப்பாக இருந்த பகுதி. கசிஞ்ச இரத்தத்தைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வைக் கட்டும். அந்தச் சவ்வுக்குள்ளே புதுசாகச் சின்ன இரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை பலமில்லாதவை, அவையும் கசியும். கசிவைச் சுத்தம் செய்ய வந்ததே கசிவைக் கூட்டுது. புரோகிராம் எழுதுற ஆட்களுக்கு மெமரி லீக் என்று சொன்னால் உடனே விளங்கும்: முதல் நாள் சேர்வர் சரி, பத்தாம் நாள் கொஞ்சம் மெதுவு, முப்பதாம் நாள் திடீரென்று விழும். விழுந்த நாளில் என்ன மாற்றினோம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஐந்து கிழமைக்கு முந்தின லொக்கைப் பார்க்க வேணும்.

பிரபலமான ஆட்களிலும் இது நடந்திருக்கு. கோயம்புத்தூர் ஈஷாவின் ஜக்கி வாசுதேவ் 2024 மார்ச் 17 அன்று டெல்லி இந்திரபிரஸ்தா அப்பல்லோவில் இதுக்குத்தான் அவசர ஒப்பரேசன் செய்துகொண்டார். ஆஸ்பத்திரி வெளியிட்ட விபரப்படி நாலு கிழமையாகத் தலையிடி, அதோடேயே கூட்டங்களுக்கும் போய்க்கொண்டு இருந்திருக்கிறார். ஸ்கேனில் சில கிழமைப் பழைய கசிவும், அதுக்கு மேல் ஒன்றிரண்டு நாளே ஆன புதுக் கசிவும் இருந்தது. கடைசியில் இடக்காலில் பலவீனம், வாந்தி. பெரியப்பாவின் கதையோடு எவ்வளவு ஒத்துப்போகுது என்று பாருங்கோ.

இப்ப அந்த ஒடென்சே ஆய்வு. ஒடென்சே பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் நரம்பியல் நிபுணர் டேவிட் கைஸ்ட்டும் அவரோடு வேலை செய்யிறவையும் 2017 பெப்ரவரியில் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்டது. 2000 முதல் 2015 வரை டென்மார்க்கில் முதல் தரமாகச் சப்டியூரல் கசிவு வந்த, 20 முதல் 89 வயசு வரையான 10,010 பேரை எடுத்தார்கள். அவர்களோடு ஒப்பிட அதே வயசு, அதே பால் உள்ள 4,00,380 பேர். ஆஸ்பத்திரிப் பதிவேடு 1977 முதல் இருக்கு, மருந்துக் கடைகளின் மருந்துச்சீட்டுப் பதிவேடு தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இருந்து இருக்கு, இரண்டையும் சேர்க்க 1968இல் வந்த சிபிஆர் நம்பர் இருக்கு. ஒருத்தருக்கும் போன் எடுக்காமல், ஒரு படிவமும் நிரப்பாமல், இரண்டு பெரிய டேபிளை ஜொயின் பண்ணி, யார் என்ன மருந்து எடுத்தார்கள், யாருக்குக் கசிஞ்சது என்று பார்த்தார்கள்.

கசிவு வந்தவர்களில் 47.3 சதவீதமானோர் இரத்தம் கட்டிபடாமல் செய்யிற ஏதோ ஒரு மருந்து எடுத்துக்கொண்டு இருந்தார்கள். (டேனிஷில் "ப்ளோட்ஃபோர்ட்யூனெண்டெ" என்கிறோம், ஆனால் இந்த மருந்துகள் இரத்தத்தை ஐதாக்கிறதில்லை, உறையிறதைத்தான் தடுக்குது.) எங்கட வீடுகளில் எல்லாம் கிடக்கிற யேர்ட்டெமாக்னூல், அதுதான் சின்ன அளவு அஸ்பிரின், ஆபத்தை 1.24 மடங்குதான் கூட்டினது. எலிக்விஸ், சரெல்டோ மாதிரிப் புது மருந்துகள் 1.73. குளொப்பிடோகிரெல் 1.87. மாரெவான் வகை 3.69. மாரெவான் வகையையும் குளொப்பிடோகிரெலையும் சேர்த்து எடுத்தவர்களில் 7.93 மடங்கு.

இந்த இடத்தில் ஒரு நிமிசம் நில்லுங்கோ. "எட்டு மடங்கு" என்று வாட்ஸ்அப் குடும்பக் குறூப்பில் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: ஒரு மாமா நாளைக்கே குளிசையை நிப்பாட்டிப் போடுவார். அதே ஆய்வில், 75 முதல் 89 வயசுக்காரரில் 2015இல் இந்தக் கசிவு வந்தது வருசத்துக்கு ஒரு லட்சம் பேரில் 99.7 பேருக்கு. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருத்தர். 2000இல் அது 55.1ஆக இருந்தது. கூடினது உண்மை, ஆனால் அந்தக் குளிசையை டொக்டர் தந்தது பாரிசவாதம் வராமல் தடுக்க, அது வாற வாய்ப்பு அந்த ஆட்களுக்கு இதைவிடப் பல மடங்கு கூட. ஆகவே குளிசையை ஒருத்தரும் தானாக நிப்பாட்டக் கூடாது. அந்தக் குளிசை எடுக்கிற ஆளின் தலை அடிபட்டால் அதைச் சின்ன விசயம் என்று தள்ளக் கூடாது. இவ்வளவுதான் அந்த எண்களில் இருந்து நான் எடுக்கிறது.

ஸ்கேனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேணும், ஏனென்றால் எங்கட ஆட்களுக்கு இது பிடிக்கும். சிரி ஸ்கேன் முதன்முதலில் ஒரு நோயாளியில் எடுத்தது 1971 ஒக்டோபர் 1, லண்டன் விம்பிள்டனில். செய்த எஞ்சினியர் கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட், வேலை பார்த்தது ஈஎம்ஐயில், பீட்டில்ஸ் இசைத்தட்டு வெளியிட்ட அதே கொம்பனி. சிரி படம் என்றால் உண்மையில் எண்கள் நிறைஞ்ச ஒரு அரே. காற்று -1000, தண்ணி 0, மூளை 30 - 40, புதிதாக உறைஞ்ச இரத்தம் 50 - 70. அதனால் புதுக் கசிவு வெள்ளையாகத் தெரியும். நாள் போகப் போக அந்த எண் இறங்கும். இரண்டு மூன்று கிழமையில் அது மூளையின் எண்ணுக்கே வந்து நிக்கும், இரண்டும் ஒரே சாம்பல் நிறம். அனுபவம் இல்லாத கண் அந்த நேரத்தில் தவறவிடலாம். மூளையின் மடிப்புகள் மண்டையோட்டில் இருந்து தள்ளி நிக்குதா, நடுக்கோடு விலகியிருக்கா என்று பார்த்துத்தான் பிடிப்பார்கள். பிறகு இன்னும் இறங்கிக் கருமையாகிடும். பெரியப்பாவுக்கு வலப்பக்கத்தில் கரும்பிறை, அதுக்குள்ளே அங்கங்கே வெள்ளை. பழசும் புதுசும். நடுக்கோடு நல்லா விலகியிருந்தது.

இதில் செயற்கை நுண்ணறிவும் வந்திட்டுது. மும்பையின் கியூர் டொட் ஏஐ ஆட்கள் 2018இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவின் ஏறக்குறைய 20 நிலையங்களில் இருந்து 3,13,318 தலை ஸ்கேன்களை எடுத்து, கசிவு, எலும்பு முறிவு, நடுக்கோடு விலகல் எல்லாத்தையும் கண்டுபிடிக்கிற அல்கொரிதம் செய்திருந்தார்கள். இப்படியான கருவிகள் வரிசையில் கிடக்கிற நூறு ஸ்கேனில் "இதை முதலில் பார்" என்று தூக்கிக் காட்டும். நல்ல விசயம். ஆனால் என்ர பெரியப்பா ஐந்து கிழமை அந்த வரிசையிலேயே நிற்கேல்லை. அவருக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் இருந்தது என்ர டேனிஷ்.

மற்ற வகைகளைக் கெதியாகச் சொல்லுறேன், ஏனென்றால் அவை கெதியாகத்தான் நடக்கும். டியூராவுக்கு வெளியே, எலும்புக்கும் அதுக்கும் நடுவில் கசிஞ்சால் எபிடியூரல். நெத்திப்பொட்டில் எலும்பு மெல்லிசு, அதுக்குக் கீழே ஒரு நாடி ஓடுது. அது கிழிஞ்சால் மணித்தியாலக் கணக்கு. இளம் ஆட்களில் கூட. அடிபட்டவர் எழும்பி நல்லா இருக்கிறேன் என்பார், பகிடி விடுவார், பிறகு திடீரென்று விழுவார். நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்து, முதலில் உதவி வேண்டாம் என்று சொல்லி, இரண்டு நாளில் இறந்தது இதால்தான். சைக்கிளில் திரியிற ஒடென்சேப் பிள்ளைகளும், பெப்ரவரியில் நோர்வேக்கு ஸ்கீ ஓடப் போற ஆட்களும் ஞாபகம் வைச்சிருக்க வேண்டியது: அடிபட்டு ஒரு நாளுக்குள்ளே தலையிடி கூடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்ப எழும்பாமல் தூங்கினால், வலிப்பு வந்தால், காது மூக்கால் தெளிஞ்ச நீர் வந்தால், ஒரு கண்பாவை பெரிசாகினால் 112.

அரக்னாய்டுக்குக் கீழே கசிஞ்சால் சப்அரக்னாய்ட். இதுக்குப் பெரும்பாலும் அடிபடவே தேவையில்லை, நாடியில் பலூன் மாதிரி வீங்கின இடம் ஒன்று வெடிக்கிறது. தலையிடி ஒரு செக்கனில் உச்சத்துக்குப் போகும், வாழ்க்கையில் இப்படி வந்ததே இல்லை என்பார்கள். கழுத்து விறைக்கும். அதுவும் 112, பனோடில் போட்டுப் பார்க்கிற விசயம் இல்லை. கைஸ்ட் 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் இதே டேனிஷ் பதிவேடுகளை வைச்சு இன்னொரு ஆய்வு வெளியிட்டவர். இந்தக் கசிவு வந்தவரின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகளுக்கு அது வாற வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு. குடும்பத்தில் யாருக்கும் வந்திருந்தால் டொக்டரிடம் சொல்லிவையுங்கோ.

சரி, நாட்பட்ட சப்டியூரலுக்கு என்ன செய்யிறது? மூளை ஒப்பரேசன் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியம்மா அழத் தொடங்கிட்டா. உண்மையில் மூளையைத் தொடுறதே இல்லை. முதலில் மாரெவானின் வேலையை நிப்பாட்ட வைட்டமின் கேயும், உறையவைக்கிற புரதங்களும் ஊசியால் ஏற்றுவார்கள். பிறகு மண்டையோட்டில் ஒரு சதம், ஒன்றரைச் சதம் மீற்றர் அளவில் ஒன்று அல்லது இரண்டு ஓட்டை. பலருக்கு அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ணியே செய்யலாம். டியூராவைத் திறந்ததும் எஞ்சின் ஒயில் மாதிரிக் கறுத்த திரவம் வரும். இளஞ்சூடான உப்புத் தண்ணியால் கழுவி, ஒரு மெல்லிய குழாயை ஒன்றிரண்டு நாள் உள்ளே விடுவார்கள். அந்தக் குழாய் விடுறது ஒரு சின்ன விசயம் மாதிரி இருக்கு, ஆனால் 2009இல் கேம்பிரிட்ஜில் 215 பேரில் செய்த ஆய்வு லான்செட்டில் வந்த பிறகுதான் அது வழக்கமானது: குழாய் விட்டவர்களில் 9.3 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது, விடாதவர்களில் 24 சதவீதத்தினருக்கு.

திரும்ப வாறதுதான் இந்த வருத்தத்தின் தலையிடி. கசியிற சவ்வு உள்ளேதான் இருக்கு. அழற்சியைக் குறைக்கிற டெக்சாமெதசோன் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் இரண்டாம் ஒப்பரேசன் குறைஞ்சது, ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு நல்ல நிலையில் இருந்தவர்கள் குளிசை எடுத்தவர்களில்தான் குறைவு. புது வழி வேற மாதிரி: மணிக்கட்டு அல்லது தொடை நாடியால் ஒரு மெல்லிய வயரை மேலே கொண்டுபோய், அந்தச் சவ்வுக்கு இரத்தம் கொடுக்கிற டியூரா நாடியை உள்ளே இருந்தே அடைக்கிறது. லீக் பண்ணுற புரொசெஸுக்கு இன்புட்டையே வெட்டிவிடுறது மாதிரி. 2024 நவம்பரில் வந்த எம்போலைஸ் ஆய்வில் 400 பேர். ஒப்பரேசனோடு இதையும் செய்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்குத்தான் திரும்ப ஒப்பரேசன் தேவைப்பட்டது, ஒப்பரேசன் மட்டும் செய்தவர்களில் 11.3. நாடிக்குள்ளே போற எந்த வேலையிலும் மாதிரி இதிலும் பாரிசவாத ஆபத்து கொஞ்சம் இருக்கு, அதனால் எல்லாருக்கும் செய்யிறதில்லை.

இனி உங்கட வேலை. 2018 யூலையில் இருந்து, மூன்று வருசத்துக்கு மேல் டென்மார்க்கில் இருக்கிற பெரும்பாலானோர் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கட்ட வேணும். அதனால் கனவீடுகளில் மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தான். "தலை ஒரு மாதிரி இருக்கு", "ஏலாமல் கிடக்கு", "கால் இழுக்குது" என்று அவர்கள் சொல்லுறதை உடனே ஒரு டேனிஷ் சொல்லாக்காதையுங்கோ. திருப்பிக் கேளுங்கோ. எந்தப் பக்கம், எப்ப தொடங்கினது, கூடுதா, போன கிழமை செய்த எதை இந்தக் கிழமை செய்ய ஏலாமல் இருக்கு? கடைசி இரண்டு மூன்று மாதத்தில் விழுந்தவரா, தலை எங்கேயும் இடிச்சதா? கனபேருக்கு ஞாபகம் இருக்காது, வீட்டில் மற்றவர்களையும் கேளுங்கோ. போனில் முதல் வசனமாகவே சொல்லுங்கோ: இத்தனை வயசு, இந்த மருந்து எடுக்கிறார், இத்தனை கிழமைக்கு முன் தலை அடிபட்டது, இப்ப இடப்பக்கம் பலவீனம். எண்களும் பக்கமும் சொன்னால் மற்றப் பக்கத்தில் இருக்கிற ஆள் நிமிர்ந்து இருப்பார். பலவீனம், பேச்சுக் குழறல், கூடிக்கொண்டு போற நித்திரை, இவற்றில் ஒன்று இருந்தாலே அடுத்த கிழமை நேரம் கிடைச்சிருக்கு என்று காத்திருக்கிறேல்லை.

மருந்துப் பட்டியல் வாயால் சொல்லத் தேவையில்லை. சுண்ட்ஹெட் தளத்தில் உங்கட அப்பா அம்மா தங்கட மிட்ஐடியால் உங்களுக்கு ஃபுல்மாக்ட் தரலாம். அதுக்குப் பிறகு அவர்கள் எடுக்கிற மருந்து எல்லாம் உங்கட திரையிலேயே தெரியும். நான் இதை ஒப்பரேசனுக்குப் பிறகுதான் செய்தேன். ஐந்து நிமிசம் எடுத்தது, அதில் மூன்று நிமிசம் பெரியப்பா பாஸ்வேர்ட் தேடினது.

தலையிடிக்கு வீட்டில் ஐப்ரென், ட்ரெயோ, கொடிமாக்னூல் கொடுக்காதையுங்கோ, அவை கசிவைக் கூட்டலாம். பனோடில் பரவாயில்லை. அடிபட்ட ஆளை நித்திரை கொள்ள விடக்கூடாது என்று எங்கட அம்மாமார் சொல்லுறது அப்படியே சரியில்லை: டொக்டர் பார்த்து அனுப்பின ஆள் நித்திரை கொள்ளலாம், எழுப்பினால் எழும்ப வேணும், அதுதான் முக்கியம்.

பெரியப்பா நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். மாரெவானைத் திரும்ப எப்ப தொடங்கிறது என்று டொக்டர்கள் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள், ஒரு பக்கம் பாரிசவாதம், மற்றப் பக்கம் திரும்பக் கசியிறது. அவருக்கு ஆறு கிழமைக்குப் பிறகு இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. 304இல் இப்ப துரும்பு கேட்கிறதில்லை. கார்ச் சாவி மட்டும் இன்னும் பெரியம்மாவிடம் இருக்கு. டொக்டர் ஓடலாம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆச்சு, அவ தாறா இல்லை.